புதிய பல்கலைக்கழக ஆசிரியர்க்கு வழிகாட்டல்: நன்னூலின் கற்றல் கோட்பாடும் 1880ஆம் ஆண்டுக் கும்பகோண நிகழ்வும்

ஆய்வுச் சுருக்கம்

உயர்கல்வி நிறுவனங்களில் புதிதாகப் பணியேற்கும் ஆசிரியர்க்கு மூத்த ஆசிரியர் துணைநின்று வழிகாட்டும் முறை இன்று கல்விக்கொள்கையின் ஒரு கூறாகப் பேசப்படுகிறது. அம்முறையின் அடிப்படைகள் தமிழ்க் கல்விமரபில் எவ்வாறு அமைந்துள்ளன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. நன்னூற் பொதுப்பாயிரம் கூறும் கற்றல் பகுப்பும், தியாகராச செட்டியார் தம் பணியிடத்திற்கு உ.வே. சாமிநாதையரைக் கொணர்ந்த நிகழ்வும் முதன்மைச் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன. பணியிடம் பெற்றுத்தரும் செல்வாக்கையும், பணிக்குள் அழைத்துச் செல்லும் கடமையையும் வேறுபடுத்திக் காணவேண்டும் என்பதும், முன்னது நீங்கியபோது பின்னதும் உடன் நீங்கிவிட்டது என்பதும் இக்கட்டுரையின் மையக் கருத்துகள்.

குறிச்சொற்கள்: வழிகாட்டல், புதிய ஆசிரியர், நன்னூல், பொதுப்பாயிரம், தியாகராச செட்டியார், உ.வே. சாமிநாதையர், தமிழ்த்துறை

1. முன்னுரை

முனைவர் பட்டம் பெற்ற ஒருவர் உதவிப் பேராசிரியராகப் பணியேற்கும் நாளில் அவருடைய நிலை பெரிதும் மாறுகிறது. முந்தைய நாள்வரை அவர் ஒரு நூலில், ஒரு பொருளில் ஆழ்ந்து கிடந்த ஆய்வாளர். மறுநாள் அவர் பல வகுப்புகளுக்குப் பல தாள்களைக் கற்பிப்பவர், வினாத்தாள் அமைப்பவர், விடைத்தாள் திருத்துபவர், வருகைப்பதிவும் உள்மதிப்பீட்டுப் பதிவும் பேணுபவர். ஆய்வுக்கு நெறியாளர் இருந்தார். இப்பணிகளுக்கு அத்தகைய ஒருவர் பெரும்பாலும் இல்லை. பட்டம் பெற்றவர் கற்பிக்கவும் வல்லவரே என்னும் எண்ணம் பல்கலைக்கழக அமைப்பில் எழுதாச் சட்டமாக நிலவுகிறது. பள்ளி ஆசிரியர்க்குக் கற்பித்தற் பயிற்சி கட்டாயத் தகுதியாக உள்ளது. கல்லூரி ஆசிரியர்க்கு அத்தகைய முன்பயிற்சி நியமனத் தகுதியாக வைக்கப்படவில்லை. இந்த இடைவெளியை நிரப்பும் பொறுப்பு துறையின் மூத்தோரைச் சார்கிறது. அவர்கள் அதனை ஏற்றால் புதியவர் விரைவில் நிலைபெறுகிறார். ஏற்காவிடின் தட்டுத்தடுமாறித் தாமே கற்கிறார். அத்தடுமாற்றத்தின் விலையை முதல் சில ஆண்டு மாணவர்களும், தொடராமல் நின்றுபோகும் அவருடைய ஆய்வும் செலுத்துகின்றன.

இச்சிக்கலைக் குறித்த பேச்சு பெரும்பாலும் மேலைநாட்டு மேலாண்மையியல் நூல்களைத் தழுவியே நிகழ்கிறது. ஆசிரியரை உருவாக்கும் முறை பற்றித் தெளிவான வரையறைகள் கொண்ட தமிழ் மரபு இதில் போதிய இடம் பெறவில்லை. அவ்வரையறைகளைப் புகழ்ந்து நிற்பதைவிட, அவை இன்றைய துறைக்கு எதைத் தருகின்றன, எதைத் தர இயலாது என்று ஆராய்வதே பயனுடையது.

2. நெறியாளரும் வழிகாட்டியும்

ஆய்வு நெறியாளர், துறைத்தலைவர், வழிகாட்டி ஆகிய மூவரும் புதிய ஆசிரியரின் வளர்ச்சியில் பங்குபெறுவோர். எனினும் மூவர் பணியும் ஒன்றல்ல. நெறியாளரின் பொறுப்பு ஓர் ஆய்வேட்டோடு தொடங்கி அவ்வேட்டோடு முடிகிறது. துறைத்தலைவர் பணிகளைப் பகிர்ந்தளிப்பவர், மதிப்பிடுபவர், மேலிடத்திற்கு அறிக்கை தருபவர். வழிகாட்டியோ மதிப்பிடும் அதிகாரம் இன்றி, முன்னே நடந்தவர் என்னும் ஒரே தகுதியால் உடன்வருபவர். மேலைமரபில் இச்சொல்லின் மூலம் ஓமரின் ஒதிசி காப்பியத்தில் உள்ளது. போர்க்குச் சென்ற ஒதிசியசு தன் இல்லத்தை மென்டார் என்னும் நண்பனின் பொறுப்பில் விடுகிறான். பின்னர் அதீனா என்னும் தெய்வம் அந்நண்பனின் உருவில் வந்து அவன் மகன் தெலமாக்கசுக்கு ஊக்கமும் அறிவுரையும் அளிக்கிறது. அங்கும் வழிகாட்டி தந்தையல்லன். தந்தை இல்லாத இடத்தில் நிற்பவன்.

இத்துறையில் அடிப்படை நூலாகக் கருதப்படுவது காத்தி கிராம் 1985இல் வெளியிட்ட ஆய்வு. அவர் வழிகாட்டலின் பயன்களை இரண்டாகப் பகுத்தார். ஒன்று, பணிவளர்ச்சி சார்ந்தது: பிறர்க்கு அறிமுகப்படுத்தல், வாய்ப்புப் பெற்றுத்தரல், இடர்களிலிருந்து காத்தல், அரிய பணிகளை ஒப்படைத்தல் முதலியன. மற்றொன்று, உளம் சார்ந்தது: முன்மாதிரியாக இருத்தல், ஏற்பளித்தல், குறைகேட்டல், நட்புப் பாராட்டல் முதலியன. இவ்வுறவு தொடக்கம், வளர்ச்சி, பிரிவு, மறுவரையறை என நான்கு நிலைகளைக் கடப்பது என்றும் அவர் காட்டினார். பிரிவையும் உறவின் இயல்பான நிலையாக அவர் கொண்டது கருதத்தக்கது. பிரியவிடாத வழிகாட்டல் வழிகாட்டலாக நீடிப்பதில்லை.

புதிய கல்லூரி ஆசிரியர்களை நேரில் கண்டு ஆராய்ந்த இராபர்ட் பாய்சு 1992இல் வெளியிட்ட நூல் வேறொரு பக்கத்தைக் காட்டியது. புதியோர் பலர் தவறு நேர்ந்துவிடுமோ என்னும் அச்சத்தால் பாடத் தயாரிப்பிலேயே அளவிறந்த நேரத்தைச் செலவிட்டனர். வகுப்பில் செய்திகளை அடுக்கினர். மாணவர் பங்கேற்புக்கு இடமளிக்கவில்லை. ஆய்வெழுத்தைப் பிறகு பார்க்கலாம் என ஒத்திவைத்தனர். உடன்பணியாற்றுவோரிடமிருந்து எதிர்பார்த்த துணை அவர்களுக்குக் கிட்டவில்லை. தமிழ்த்துறையில் பணியேற்ற எவர்க்கும் இச்சித்திரம் அயலானதாகத் தோன்றாது.

3. நன்னூல் காட்டும் கால்கூறு

13ஆம் நூற்றாண்டைச் சார்ந்த பவணந்தி முனிவரின் நன்னூல், பொதுப்பாயிரத்தில் நூல், ஆசிரியன், கற்பித்தல் முறை, மாணாக்கன், கற்றல் முறை ஆகியவற்றை வரையறுக்கிறது. பாடங்கேட்டலின் வரலாறு கூறும் பகுதியில் ஒரு கணக்கு உள்ளது. ஆசிரியன் உரைத்ததை மாணாக்கன் முழுமையாக உள்வாங்கிக்கொண்டாலும் அவனுக்குக் கிடைப்பது புலமையின் காற்பங்கே. அத்தொழிலில் ஈடுபட்ட பிறரோடு பழகிப் பயில்வதால் மற்றொரு காற்பங்கு கிடைக்கும். எஞ்சிய அரைப்பங்கும் தான் பிறர்க்குச் செவ்வையாக எடுத்துரைக்கும்போதே நிறைவுறும்.

இக்கணக்கை மாணாக்கர்க்குரிய விதியாகவே படிப்பது வழக்கம். புதிய ஆசிரியரின் நிலையிலிருந்து படித்தால் அதன் பொருள் விரிகிறது. நெறியாளரிடம் பெற்றது கால். ஆய்வுக்காலத்தில் உடனாய்வாளரோடு வாதிட்டும் கருத்தரங்குகளில் பங்கேற்றும் பெற்றது கால். ஆகவே முனைவர் பட்டத்தோடு பணியேற்பவர் பாதிவழியில் நிற்பவர். மீதி அரைப்பங்கு வகுப்பறையில்தான் கிட்டவேண்டும். கற்பித்தல் என்பது ஈட்டிய அறிவைச் செலவிடும் வேலை மட்டுமன்று. அறிவை ஈட்டும் வேலையில் பெரும்பங்கும் அதுவே என்று நன்னூல் கருதுகிறது. இக்கருத்தை ஏற்றால் புதிய ஆசிரியரை முற்றுப்பெற்ற அறிஞராகக் கருதித் தனியே விடும் வழக்கம் மரபுக்கும் முரணாகிறது.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. அரைப்பங்கு கிடைப்பது உரைப்பதனால் மட்டுமன்று, செவ்வையாக உரைப்பதனால். உரைத்தது செவ்விதா அன்றா என்பதை உரைப்பவர் தாமே முழுதும் அறிதல் அரிது. மாணவர் முகம் ஓரளவு காட்டும். தேர்வு விடைகள் ஓரளவு காட்டும். அப்பாடத்தைப் பல்லாண்டு நடத்திய ஒருவர் கடைசி வரிசையில் அமர்ந்து கேட்டபின் கூறும் இரண்டு சொற்கள் அதனைத் தெளிவாகக் காட்டும். நன்னூலின் கணக்கில் வழிகாட்டிக்குரிய இடம் இதுவே. முன்னைய இரு கால்களும் வீணாகாமல் பின்னைய அரையோடு சேர்வதற்கு அவர் துணைநிற்கிறார்.

சிறப்புப்பாயிரம் தருதற்கு உரியோரையும் நன்னூல் வரிசைப்படுத்துகிறது. நூலாசிரியனின் ஆசிரியன், அவனோடு உடன்கற்றவன், அவன் மாணாக்கன், தகுதியுடைய உரைகாரன் ஆகிய நால்வர் அதற்குரியர். தன்னைத் தான் புகழ்தல் தகாது என்பதால் ஒருவருடைய தகுதியை அவையறியச் செய்யும் கடமை பிறர்மேல் வைக்கப்பட்டது. இந்நால்வருள் உடன்கற்றவன் இடம்பெற்றிருப்பது அடுத்த பகுதியில் ஆராயப்படும் நிகழ்வோடு தொடர்புடையது.

4. கும்பகோணம், 1880

கும்பகோணம் அரசினர் கல்லூரியில் தமிழாசிரியராக விளங்கிய தியாகராச செட்டியாரும், அவருக்குப்பின் அவ்விடத்தை ஏற்ற உ.வே. சாமிநாதையரும் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணாக்கர்கள். செட்டியார் மூத்த தலைமுறையினர். சாமிநாதையர் பிள்ளையவர்களின் இறுதி ஆண்டுகளில் உடனிருந்து கற்றவர். 1876இல் பிள்ளையவர்கள் மறைந்தபின் சாமிநாதையர் திருவாவடுதுறை ஆதீனத்தில் மேலகரம் சுப்பிரமணிய தேசிகரின் ஆதரவில் தங்கித் தாமும் கற்று, மடத்து மாணாக்கர்க்கும் பாடஞ்சொல்லி வந்தார். 1880இல் செட்டியார் கல்லூரிப் பணியிலிருந்து விலகும் நிலை வந்தபோது, தமக்குப்பின் அவ்விடத்திற்குச் சாமிநாதையரே தக்கவர் எனத் துணிந்தார். திருவாவடுதுறைக்கே சென்று தேசிகரிடம் வேண்டினார். சாமிநாதையரைப் பிரிய மனமில்லாதிருந்த தேசிகரும் இறுதியில் இசைந்தார். செட்டியார் அவரைக் கல்லூரிக்கு அழைத்துச் சென்று, தலைமை வகித்த கோபாலராவிடமும் பிற ஆசிரியர்களிடமும் அறிமுகப்படுத்தினார். அவ்வாண்டு பிப்பிரவரியில் சாமிநாதையர் பணியேற்றார். அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ 25.

சாமிநாதையர் தம் தன்வரலாற்றில் இந்நிகழ்வை விரிவாகப் பதிந்துள்ளார். 1940இல் ஆனந்த விகடனில் தொடங்கி 1942இல் அவர் மறையும்வரை வெளிவந்த அத்தொடர் பின்னர் என் சரித்திரம் என்னும் நூலாயிற்று. தம் ஆசிரியரின் வரலாற்றை 1933, 1934 ஆகிய ஆண்டுகளில் இரு பாகங்களாக வெளியிட்ட அவர், செட்டியார்க்கும் தனியே ஒரு வரலாற்று நூல் எழுதினார். ஆசிரியர்க்கு ஒரு நூலும் வழிகாட்டிக்கு ஒரு நூலும் எழுதியதனால், அவ்விருவர்க்கும் தாம் பட்ட கடன்கள் வெவ்வேறானவை என்பதை அவர் உணர்ந்திருந்தார் எனக் கொள்ளலாம்.

இந்நிகழ்வில் மூன்று கூறுகளைப் பிரித்துக் காணவேண்டும்.

முதலாவது, உறவின் தன்மை. பிள்ளையவர்கள் சாமிநாதையர்க்கு ஆசிரியர். வேங்கடராமன் என்னும் பெயரை மாற்றிச் சாமிநாதன் எனப் பெயரிட்டு வழங்கியவரும் அவரே. புலமை, நடை, நெஞ்சத்துப் பற்று அனைத்தும் அவ்வுறவில் உருவாயின. செட்டியார் அத்தகைய உருவாக்கத்தில் ஈடுபடவில்லை. ஆசிரியர் மறைந்தபின், ஆசிரியர் அறிந்திராத ஒரு களத்திற்குள் இளையவரை அழைத்துச் சென்றார். மடத்துக் கல்வியே பிள்ளையவர்களின் உலகம். கல்லூரியை உள்ளிருந்து அறிந்தவர் செட்டியார். நல்லாசிரியர் ஒருவர் அமைந்தாலும் வழிகாட்டியின் தேவை நீங்குவதில்லை என்பதற்கு இது சான்று.

இரண்டாவது, களமாற்றத்தின் அளவு. மடத்தில் ஒரு நூலைத் தொடங்கினால் அது முடியும்வரை பாடம் நடக்கும். கேட்பவர் தமிழே பயில வந்தவர். கல்லூரியிலோ பாடப்பகுதி வரையறுக்கப்பட்டது; மணியடித்தால் பாடம் நிற்கும்; பல்கலைக்கழகத் தேர்வு பாடத்தின் எல்லையை முடிவுசெய்யும்; எதிரே அமர்ந்திருப்போர் ஆங்கிலவழியில் பிற பாடங்களைப் பயின்று, தமிழை அவற்றுள் ஒன்றாகக் கற்கும் இளைஞர்; அவருள் சிலர் ஆசிரியரின் வயதை ஒட்டியவர். புலமையில் குறையில்லாதவர்க்கும் இம்மாற்றம் எளிதன்று. புலமை ஒரு தகுதி. அப்புலமையைப் புதிய களத்தின் அளவுக்கு இசைத்துத் தருவது வேறொரு தகுதி.

மூன்றாவது, செல்வாக்கு. விலகுபவர் தமக்குப்பின் வருபவரைத் தாமே தெரிந்து கொணர்ந்த முறை இன்று ஏற்கத்தக்கதன்று. பொது அறிவிப்பு, தகுதித்தேர்வு, இடஒதுக்கீடு, தேர்வுக்குழு ஆகியவற்றின் வழியாகவே பணியிடம் நிரம்பவேண்டும். ஒரு மூத்தவரின் நம்பிக்கையைப் பெறும் வாய்ப்பு எல்லாச் சமூகத்தார்க்கும் ஒப்பக் கிடைத்த காலம் அன்று அது. பெண்கள் அவ்வட்டத்துள் இடம்பெறவே இல்லை. நல்லவர் ஒருவர் தெரிந்தெடுக்கப்பட்டார் என்பதால் அம்முறை நன்று என ஆகிவிடாது. எனவே பணியிடம் பெற்றுத்தரும் செல்வாக்கு மூத்தோரிடமிருந்து நீக்கப்பட்டது நீதியே. ஆனால் செட்டியார் செய்தவை இரண்டு. பணியிடம் பெற்றுத்தந்தது ஒன்று. பணியிடத்திற்குள் அழைத்துச் சென்றது மற்றொன்று. முன்னதை நீக்கிய நவீன அமைப்பு, பின்னதற்கு எவரையும் பொறுப்பாக்கவில்லை. நியமன ஆணையோடு தனியே வந்து, அறிமுகமற்ற துறையின் வாயிலில் நிற்கும் புதியவரின் நிலை அதன் விளைவு. வெளிப்படையான தேர்வுமுறையால் முதல் தலைமுறைக் கல்வியாளர் பலர் ஆசிரியப் பணிக்கு வந்துள்ளனர். குடும்பத்திலோ சுற்றத்திலோ கல்லூரி நடைமுறை அறிந்தவர் இல்லாத அவர்களுக்கே வழிகாட்டல் மிகுதியும் தேவைப்படுகிறது. வழிகாட்டலை முறைப்படுத்தாமல் தனிமனித விருப்பத்திற்கு விடுவது, தேர்வில் காத்த நீதியைப் பணிக்களத்தில் கைவிடுவதாகும்.

5. ஒரு வழிகாட்டியும் பல வழிகாட்டிகளும்

கும்பகோண நிகழ்வு பணியேற்போடு முடியவில்லை. அதே ஆண்டு அக்டோபரில் சாமிநாதையர், அவ்வூர்க்கு முன்சீப்பாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைச் சந்தித்தார். தாம் கற்ற அந்தாதி, பிள்ளைத்தமிழ், புராணம் முதலியவற்றை அவர் அடுக்கிக் கூற, முதலியார் அவற்றால் நிறைவுறாமல் சீவகசிந்தாமணியைப் படித்ததுண்டா எனக் கேட்டார். பின்னர் அந்நூலின் படியையும் அளித்தார். பணியேற்ற முதலாண்டிலேயே தம் கல்வியின் எல்லை எதுவென ஒருவர் சுட்டிக்காட்டியதும், அதைக் கேட்டவர் புண்படாமல் ஏற்றதும் தமிழ்ப் பதிப்பு வரலாற்றின் போக்கையே மாற்றின. சிந்தாமணியின் சமணக் கருத்துகளை விளங்கிக்கொள்ளக் கும்பகோணத்துச் சமணர்களை அவர் நாடினார். சந்திரநாத செட்டியார், வீடூர் அப்பாசாமி நயினார் ஆகியோர் அவருடைய ஐயங்களைப் போக்கினர். சிந்தாமணிப் பதிப்பு 1887இல் வெளிவந்தது. தொடர்ந்து பத்துப்பாட்டு 1889இலும், சிலப்பதிகாரம் 1892இலும், புறநானூறு 1894இலும், மணிமேகலை 1898இலும் வெளிவந்தன. இவையனைத்தும் அவர் கும்பகோணத்தில் பணியாற்றிய காலத்தவை. 1903இல்தான் அவர் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாற்றலானார்.

இதிலிருந்து பெறப்படும் உண்மை எளிது. ஆனால் நடைமுறையில் மறக்கப்படுவது. ஒரு புதிய ஆசிரியரின் எல்லாத் தேவைகளையும் ஒருவரே நிறைவுசெய்தல் இயலாது. பணிக்களத்தைக் காட்டியவர் செட்டியார். ஆய்வுக்களத்தைக் காட்டியவர் நீதித்துறையைச் சார்ந்த முதலியார். பொருள் விளக்கம் தந்தோர் கல்லூரிக்கு வெளியே வாழ்ந்த சமணப் பெருமக்கள். சுவடியும் ஆதரவும் ஆதீனத்திலிருந்து வந்தன. நன்னூல் இரண்டாம் காற்பங்குக்கு உரியோராகக் கூறிய பயில்துணைவர் இத்தகையோரே. ஆகவே ஒருவர்க்கு ஒருவர் என வழிகாட்டியை ஒதுக்கி ஆணையிடுவதோடு கடமை முடிந்ததாகக் கருதுதல் பொருந்தாது. தனக்கு இல்லாத அறிவு எவரிடம் உள்ளது என்பதை அறிந்து அவரிடம் அனுப்பிவைப்பதும் வழிகாட்டியின் பணியே.

6. இன்றைய ஏற்பாடுகள்

1986ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக்கொள்கையைத் தொடர்ந்து பல்கலைக்கழக மானியக் குழு கல்விப்பணியாளர் கல்லூரிகளை நிறுவியது. புதிய ஆசிரியர்க்கு அறிமுகப் பயிற்சியும், பணியிலுள்ளோர்க்குப் புத்தொளிப் பயிற்சியும் அவற்றில் வழங்கப்பட்டன. இம்மையங்கள் பின்னர் மனிதவள மேம்பாட்டு மையங்கள் எனவும், 2023 முதல் மாளவியா ஆசிரியர் பயிற்சி மையங்கள் எனவும் பெயர் மாறின. மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள், புதிதாக நியமிக்கப்படும் உதவிப் பேராசிரியர்க்கு ஒருமாதத் தொடக்கப் பயிற்சியை வலியுறுத்தின. கற்பித்தல் தொடங்குமுன், இயலாவிடின் பணியேற்ற ஓராண்டுக்குள், அது முடிக்கப்படவேண்டும். இப்பயிற்சிக்கான வழிகாட்டுநெறி குரு தக்ஷதா என்னும் பெயரில் 2019இல் வெளியிடப்பட்டது. 2020ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக்கொள்கை, மூத்த ஆசிரியரும் ஓய்வுபெற்ற ஆசிரியரும் அடங்கிய தேசிய வழிகாட்டல் இயக்கம் ஒன்றை முன்மொழிகிறது. இந்திய மொழிகளில் கற்பிக்க வல்லாரும் அதில் இடம்பெறுவர் என அது குறிப்பிடுவது தமிழ்த்துறைகள் கருதவேண்டிய செய்தி.

இவ்வேற்பாடுகள் தேவையானவை. எனினும் பயிற்சியும் வழிகாட்டலும் ஒன்றல்ல. பயிற்சி ஒரு மாதத்தில் முடிகிறது. புதியவரின் ஐயங்கள் அம்மாதத்திற்குப் பின்னரே தொடங்குகின்றன. பயிற்சி பல துறையினர்க்கும் பொதுவாக அமைகிறது. புறநானூற்றுப் பாடல் ஒன்றை வணிகவியல் மாணவர்க்கு எவ்வாறு நடத்துவது என்னும் வினா அங்கு எழ வாய்ப்பில்லை. பயிற்சி சான்றிதழில் முடிகிறது. அச்சான்றிதழ் பணி மேம்பாட்டுக்குத் தேவைப்படுவதால் பங்கேற்பின் நோக்கமே சிலபோது அதில் அடங்கிவிடுகிறது. மேலும் உதவிப் பேராசிரியர்க்கு வாரம் 16 மணிநேரம் நேரடிக் கற்பித்தல் என 2018ஆம் ஆண்டு ஒழுங்குமுறை வரையறுக்கிறது. முதலாண்டினர்க்கும் இருபதாமாண்டினர்க்கும் இவ்வளவில் வேறுபாடு இல்லை. முதன்முறை ஒரு பாடத்தை நடத்துபவர்க்குத் தேவைப்படும் தயாரிப்பு நேரம் கணக்கில் கொள்ளப்படவில்லை.

கௌரவ விரிவுரையாளர் நிலை இதனினும் கருதத்தக்கது. நிரந்தர நியமனத்தை அடிப்படையாகக் கொண்ட ஏற்பாடுகளின் பயன் அவர்களை எளிதில் எட்டுவதில்லை. அரசு கல்லூரிகளில் கற்பித்தற் சுமையின் பெரும்பகுதியை அவர்கள் சுமக்கும் இடங்கள் உண்டு. மாணவர்முன் நிற்கும் ஆசிரியர் எந்த வகை ஆணையால் நியமிக்கப்பட்டவர் என்பதை மாணவர் அறியார். அவர் செவ்வையாக உரைக்கிறாரா என்பதையே அறிவர். ஆகவே வழிகாட்டலின் எல்லை நியமன வகையால் சுருங்குதல் கூடாது.

7. தமிழ்த்துறைகளின் தனித்தேவைகள்

தமிழ்த்துறையில் பணியேற்பவர்க்குரிய தேவைகள் பிற துறையினரின் தேவைகளிலிருந்து சில இடங்களில் வேறுபடுகின்றன.

கல்லூரிகளில் தமிழாசிரியரின் பணியில் பெரும்பகுதி பகுதி ஒன்று தமிழாக அமைகிறது. அறிவியல், வணிகவியல், கணினியியல் மாணவர் நிறைந்த பெரிய வகுப்புகள் அவை. சங்க இலக்கியத்திலோ இலக்கணத்திலோ ஆய்வு செய்தவர், தமிழைச் சிறப்புப்பாடமாகத் தேர்ந்தெடுக்காத மாணவரை முதல்நாளே எதிர்கொள்கிறார். 1880இல் சாமிநாதையர் எதிர்கொண்ட களமாற்றம் இன்றும் ஒவ்வொரு தமிழாசிரியர்க்கும் நேர்கிறது. இதற்குரிய திறன் எந்த ஆய்வேட்டிலும் கற்பிக்கப்படுவதில்லை. அதைக் கைவரப்பெற்ற மூத்தோரின் வகுப்பில் அமர்ந்தே கற்கவேண்டும். புதியவர் வகுப்பை மூத்தவர் காண்பது மேற்பார்வையாகத் தோன்றலாம். மூத்தவர் வகுப்பைப் புதியவர் முதலில் கண்டால் அவ்வையம் எழாது.

மதிப்பீடு இரண்டாவது தேவை. இலக்கிய விடைகளைத் திருத்துவதில் ஆசிரியர்க்கு ஆசிரியர் அளவுகோல் மாறும். அதே விடைத்தாள்கள் சிலவற்றை மூத்தவரும் புதியவரும் தனித்தனியே திருத்திப் பின்னர் ஒப்பிட்டுக் காரணங்களைப் பேசுவது ஒரு பிற்பகலில் முடியும் வேலை. அதன் பயன் பணிக்காலம் முழுதும் நிற்கும்.

மூன்றாவது, ஆய்வின் தொடர்ச்சி. ஆய்வேட்டை நூலாக்குவது எவ்வாறு, இரண்டாம் ஆய்வுப்பொருளைத் தெரிவது எவ்வாறு, எந்தப் பதிப்பை மூலபாடமாகக் கொள்வது, சுவடி எங்குக் கிடைக்கும் என்பன புதியவர் தனியே விடைகாண இயலாத வினாக்கள். மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு ஒழுங்குமுறைப்படி உரிய தகுதியுடைய உதவிப் பேராசிரியர் ஒரே காலத்தில் 4 முனைவர் பட்ட ஆய்வாளர்வரை நெறிப்படுத்தலாம். நெறிப்படுத்துவது எவ்வாறு என்பதற்கும் பயிற்சி இல்லை. தாம் நெறிப்படுத்தப்பட்ட முறையே, அதன் நிறையோடும் குறையோடும், அடுத்த தலைமுறைக்குச் செல்கிறது.

நான்காவது, நிறுவன நடைமுறை. பாடத்திட்டக் குழு, தேர்வுப்பணி, தர மதிப்பீட்டு ஆவணங்கள், விழாக்கள் ஆகியவை இளையவர்மேல் மிகுதியாகச் சுமத்தப்படுகின்றன. தமிழ்த்துறை என்றால் விழா மேடையும் வாழ்த்துரையும் தொகுப்புரையும் உடன்வரும் என்னும் எதிர்பார்ப்பும் உண்டு. எதை ஏற்பது, எதை மறுப்பது, மறுப்பதை எவ்வாறு சொல்வது என்பதைப் புதியவர்க்குச் சொல்லித்தரவும், சிலபோது அவர்சார்பில் மறுக்கவும் மூத்தவர் வேண்டும்.

பெண் ஆசிரியர் நிலையில் இத்தேவை கூடுகிறது. முறைசாரா வழிகாட்டல் பெரும்பாலும் வகுப்புக்குப் பிந்தைய தேநீர்ப் பொழுதிலும், கருத்தரங்கப் பயணங்களிலும், மாலைநேரச் சந்திப்புகளிலும் நிகழ்கிறது. வீட்டுப்பொறுப்பும் சமூகக் கட்டுப்பாடும் இப்பொழுதுகளிலிருந்து பெண்களை விலக்கிவைக்கின்றன. வழிகாட்டல் பணிநேரத்திற்குள், அறியப்பட்ட ஏற்பாடாக நடந்தால் மட்டுமே அது அவர்க்கும் உரியதாகும்.

8. வழிகாட்டலின் குற்றங்கள்

நல்லாசிரியர்க்கு நிலம், மலை, துலாக்கோல், மலர் ஆகியவற்றை உவமையாக்கும் நன்னூல், ஆசிரியர் ஆகார்க்கும் நான்கு உவமைகள் தருகிறது. வழிகாட்டலில் நேரும் குற்றங்களை விளக்க அவை மிகவும் பொருந்துகின்றன.

கழற்காய் இட்ட குடத்தைக் கவிழ்த்தால் இட்ட முறையில் காய்கள் வெளிவரா. முன்பின் நோக்காமல், புதியவரின் நிலையறியாமல், அறிந்ததையெல்லாம் ஒரேநாளில் கொட்டும் வழிகாட்டி இவ்வகையினர். மடற்பனை தன்னை அணுகவிடாது. பழுத்துத் தானே வீழ்ந்தால்தான் கனி கிட்டும். கேட்டால் சொல்வேன் எனக் கூறிக்கொண்டு கேட்கவொண்ணாத தொலைவில் நிற்கும் மூத்தவர் இவ்வகையினர். பருத்தி அடைத்த குண்டிகையிலிருந்து சிறிது சிறிதாகப் பறித்தே எடுக்கவேண்டும். தரவுகளையும் நூல்களையும் தொடர்புகளையும் கைவிட மனமின்றிக் கிள்ளித் தருபவர் இவ்வகையினர். முடத்தெங்கு நீர்வார்த்தவர்க்கன்றி வேலிக்கு அப்பாலுள்ளவர்க்குக் காய்தரும். புதியவரின் உழைப்பைப் பெற்றுக்கொண்டு, வாய்ப்பைப் பிறர்க்கு வழங்குபவர் இவ்வகையினர்.

நான்காம் குற்றமே மிகக் கொடியது. இளையவர் எழுதிய கட்டுரையில் மூத்தவர் பெயர் முதலில் நிற்பதும், மூத்தவர்க்குரிய வகுப்புகளை இளையவர் நடத்துவதும், வழிகாட்டல் என்னும் பெயரால் நிகழக்கூடும். ஆசிரியரை மறுத்துரைத்தல் தகாது என்னும் மரபுணர்வு இதை எதிர்க்கவும் தடையாகிறது. எனவே வழிகாட்டி, புதியவரின் தகுதிகாண் பருவ அறிக்கையை எழுதுபவராக இருத்தல் கூடாது. அவருடைய முன்னாள் நெறியாளராகவும் இருத்தல் கூடாது. வழிகாட்டியை மாற்றிக்கொள்ளும் உரிமை, காரணம் கூறும் கட்டாயமின்றிப் புதியவர்க்கு வேண்டும். அன்பும் அதிகாரமும் ஒருவரிடமே குவியும்போது அன்பு கட்டாயமாக மாறும். செட்டியார் நிகழ்வில் அது நேராமைக்கு ஒரு காரணம், பணியிடத்தை விட்டு அவர் விலகியதே. இளையவரிடம் பெறுதற்கு அவர்க்கு ஏதும் எஞ்சியிருக்கவில்லை. ஓய்வுபெற்ற ஆசிரியரை வழிகாட்டியராக்கும் இன்றைய கொள்கை முன்மொழிவின் வலிமையும் இதில்தான் உள்ளது.

9. தொகுப்புரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படுவன வருமாறு:

1. நன்னூலின் கணக்குப்படி புலமையில் பாதி, கற்பிக்கும்போதே நிறைவுறுகிறது. புதிய ஆசிரியர் கற்றலின் பின்பாதியில் இருப்பவர். அவர்க்குத் துணை தேவை என்பது குறைபாட்டின் அறிகுறியன்று.

2. நெறியாளர், துறைத்தலைவர், வழிகாட்டி ஆகியோர் பணிகள் வேறுவேறானவை. வழிகாட்டியிடம் மதிப்பிடும் அதிகாரம் இருத்தலாகாது.

3. செட்டியார், சாமிநாதையர் நிகழ்வில் பணியிடம் பெற்றுத்தந்தமையும் பணிக்குள் அழைத்துச்சென்றமையும் ஒன்றாக இருந்தன. முன்னதன் இடத்தை வெளிப்படையான தேர்வுமுறை ஏற்றது சரி. பின்னதன் இடம் இன்னும் வெறுமையாக உள்ளது.

4. ஒரு வழிகாட்டி போதாது. கற்பித்தல், ஆய்வு, மூலபாடம், நிறுவன நடைமுறை ஆகியவற்றுக்கு வெவ்வேறு துணைவர் தேவை. அவர்கள் துறைக்கு வெளியேயும் இருக்கலாம்.

5. ஒருமாதத் தொடக்கப் பயிற்சி துறைசார்ந்த ஓராண்டு வழிகாட்டலுக்கு மாற்றாகாது. முதற்பருவத்தில் கற்பித்தற் சுமைக் குறைப்பு, பரிமாற்ற வகுப்புக் காணல், இணைந்து விடைத்தாள் திருத்தல் ஆகியவை துறையளவிலேயே தொடங்கத்தக்கவை. இவற்றுள் பின்னிரண்டுக்கும் தனி நிதியோ அரசாணையோ தேவையில்லை.

6. கௌரவ விரிவுரையாளரும் இவ்வேற்பாட்டின் பயனைப் பெறவேண்டும்.

1880இல் கும்பகோணத்தில் பணியேற்ற இளைஞர் புலமையால் மட்டுமே அவ்விடத்தில் நிலைபெற்றிருக்கக்கூடும். ஆயினும் ஒருவர் அழைத்துச் செல்ல வந்தார். இன்னொருவர் படித்ததுண்டா எனக் கேட்டார். வேறு சிலர் ஐயம் போக்கினர். அடுத்த 20 ஆண்டுகளில் தமிழுலகம் தன் பழைய நூல்கள் பலவற்றை மீளப் பெற்றது. அத்தகைய ஆற்றலோடு இன்று துறைக்குள் நுழைவோர் யாவர் என்பதை எவரும் முன்னறிதல் இயலாது. நுழையும் ஒவ்வொருவர்க்கும் அத்துணையை உறுதிசெய்வதே துறையால் இயலக்கூடியது.